ரயில் லேஅவுட் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டின் பின்னறையில் 12 அடி நீளத்துக்கு ஒரு மீட்டர் கேஜ் ரயில் நிலையத்தை 1:87 அளவில் மாடலாகக் கட்டி வைத்திருக்கிறேன். இப்படிப் பலகைமேல் கட்டும் மாடல் ரயில் காட்சியைத்தான் லேஅவுட் என்கிறோம். செங்கோட்டைக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் இருக்கும் பகவதிபுரத்தை மனதில் வைத்துச் செய்தது. பார்க்க வருகிறவர்களும், தாங்களும் ஒன்று தொடங்கலாமா என்று போனில் கேட்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"சார், இது பொம்மை ரயில்தானே? அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

பொம்மையில் எஞ்சின் ஒரு அளவு, மரம் ஒரு அளவு, ஆள் ஒரு அளவு. ஸ்கேல் மாடலில் கண்ணில் படுகிற அத்தனையும் ஒரே எண்ணால் வகுக்கப்பட்டிருக்கும். 1:87 என்றால் 170 செ.மீ. உயரமுள்ள ஆள் 19.5 மி.மீ. இருப்பார், ஏழடிக் கதவு 24.5 மி.மீ. இருக்கும். அந்தக் கதவு வழியாக அந்த ஆள் தலையில் இடிக்காமல் போக முடிய வேண்டும். இந்த ஒரு கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

"எச்ஓ, ஓஓ, என்-னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் எதை வாங்கறது?"

இதில் ஸ்கேல் வேறு, கேஜ் வேறு. ஸ்கேல் என்பது எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறோம் என்பது. கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. எச்ஓ 1:87, பாதை 16.5 மி.மீ. பிரிட்டனில் பரவலாக இருக்கும் ஓஓ 1:76, ஆனால் அதே 16.5 மி.மீ. பாதையில்தான் ஓடும். 'என்' (N) அளவு 1:160, பிரிட்டனில் 1:148. இரண்டுக்கும் பாதை 9 மி.மீ.

இடம் குறைவு, நீளமான ரயில் ஓட வேண்டும் என்றால் 'என்'. கையால் கட்டடம், மரம், ஆள் எல்லாம் செய்வதில்தான் ஆசை என்றால் எச்ஓ. நாற்பது வயது தாண்டிய கண்ணுக்கு எச்ஓவையே சொல்வேன். 'என்' அளவில் ஒரு ஜன்னல் கம்பியை ஒட்டுவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

"நம்ம ஊர் ரயில் மாடலா கிடைக்காதா? கிடைச்சாலும் கேஜ் சரியா வருமா?"

உலகப் பெரிய கம்பெனிகளின் கேட்டலாக்குகளில் இந்திய எஞ்சின் அரிது. சிறு தயாரிப்பாளர்கள் செய்வதும், முப்பரிமாண அச்சில் எடுத்த உடலை வெளிநாட்டு எஞ்சினின் அடிப்பாகத்தில் பொருத்துவதும்தான் வழி.

கேஜ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் அகலப் பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. கடையில் விற்கும் எச்ஓ பாதையோ 16.5 மி.மீ., ஏனென்றால் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மி.மீ. பாதைக்குச் செய்தது. அதில் நம் ஐசிஎஃப் (சென்னைப் பெட்டித் தொழிற்சாலை) பெட்டியை ஓட்டினால், முன்னாலிருந்து பார்க்கும்போது பெட்டி குறுகிய காலில் நிற்பது போலத் தெரியும். பலர் இதை ஏற்றுக்கொண்டு ஓட்டுகிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது.

மீட்டர் கேஜில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5. எச்ஓஎம் என்ற பெயரில் பீகோ, டில்லிக் போன்றவர்கள் விற்கும் பாதை 12 மி.மீ. அரை மி.மீ. வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஜப்பானின் 1067 மி.மீ. ரயில்களை 1:87-ல் செய்பவர்களும் இதே 12 மி.மீ. பாதையைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் அடிப்பாகம் தேடுவதும் எளிது. நான் மீட்டர் கேஜை எடுத்ததற்கு இது பாதிக் காரணம். இன்னொரு பாதி, சின்ன வயதில் நான் ஏறிய ரயில் அது.

"அண்ணா, என் வீட்ல இடமே இல்ல. ஒரு ரூம் முழுசும் வேணுமா?"

வேண்டாம். ஆனால் எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஐசிஎஃப் அகலப் பாதைப் பெட்டி ஒன்று பஃபரோடு (இரு முனையிலும் உள்ள முட்டுத்தாங்கி) சேர்த்து 22.3 மீட்டர். எச்ஓவில் அது 25.6 செ.மீ. 24 பெட்டி எக்ஸ்பிரஸ் வேண்டுமென்றால் பெட்டிகளுக்கே 6 மீட்டருக்கு மேல் ஆகும், எஞ்சின் தனி. அதற்கு ஏற்ற பிளாட்பாரம் எந்த வீட்டில் அடங்கும்?

அதனால் சின்ன நிலையத்தை எடுங்கள். என் 12 அடி நிஜத்தில் 318 மீட்டர் தூரம். ஐந்து பெட்டி பாசஞ்சர், ஒரு லூப் லைன் (ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை), ஒரு கூட்ஸ் சைடிங் (சரக்குப் பெட்டி நிற்கும் பாதை), அவ்வளவுதான். ஒன்றரை அடி அகலத்தில் சுவரோரமாக ஓர் அலமாரித் தட்டு போதும். ஒரு கோடியில் மறைவாக இன்னொரு தட்டு வைத்து, அங்கே ரயில்களை நிறுத்திக்கொள்ளலாம். அந்தத் தட்டுதான் மிச்ச உலகம்: ஒரு ரயில் அதிலிருந்து வந்தால் கொல்லத்திலிருந்து வருகிறது என்று அர்த்தம்.

"எந்த ஊரைச் செய்யணும்? கற்பனையா ஒரு ஊர் வெச்சுக்கலாமா?"

பெயர் கற்பனையாக இருக்கலாம். நிலம் கற்பனையாக இருக்கக் கூடாது. லேஅவுட் நிஜம் போலத் தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஒரு இடம், ஒரு வருடம்: இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள். அந்தத் தாள் இல்லாமல் வாங்கினால் சுவிஸ் மாளிகை, அமெரிக்க டீசல், வேப்பமரம் மூன்றும் ஒரே பலகையில் வந்து உட்கார்ந்துவிடும்.

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1904-ல் ரயில் ஓடத் தொடங்கியது. 2010-ல் அகலப் பாதையாக்க மூடினார்கள், 2018-ல் முழுதும் திறந்தார்கள். வருடத்தை 1985 என்று எழுதினால் நீராவி எஞ்சின், செங்கல் நிறப் பெட்டி, கைகாட்டி சிக்னல், தண்ணீர்த் தொட்டி. 2005 என்றால் ஒய்டிஎம்-4 டீசல், நீலப் பெட்டி. தண்ணீர்த் தொட்டி நின்றாலும் அதன் குழாய் துருப்பிடித்திருக்கும். நிலையம் ஒன்றே, செய்ய வேண்டிய பொருள்கள் வேறு. பகவதிபுரத்தில் எனக்குப் பிடித்தது, மேற்கே ஆரியங்காவு போகும் வழியில் மலையைக் குடைந்த சுரங்கம். முந்தைய பதிலில் சொன்ன மறைவுத் தட்டுக்கு ரயிலை அனுப்ப அதைவிட இயல்பான வாசல் கிடைக்காது.

இடம் தேர்ந்ததும் நேரில் போங்கள். எஞ்சினைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்கள் சாக்கடை, வேலிக்கல், பிளாட்பார ஓரத்து உடைப்பு, மண்ணின் நிறம் இவற்றை எடுங்கள். ஒரு பிடி மண்ணும் அள்ளிக்கொண்டு வாருங்கள்.

"பலகைக்கு என்ன போடறது? மழைக்காலத்துல உப்பிக்குதே?"

12 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட், கீழே ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடியுங்கள், ஈரம் ஏறுவது அங்கேதான். நம் ஊரில் தண்டவாளம் வெயிலில் நீள்வதைவிட மரம் ஈரத்தில் அசைவதுதான் அதிகம். எனவே தண்டவாள இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விட வேண்டும். மலைக்குத் தெர்மோகோல் நல்லதுதான், ஆனால் அதன்மேல் ஸ்ப்ரே பெயின்டை நேராக அடித்தால் கரைந்து குழியாகிவிடும். முதலில் பேப்பரும் ஃபெவிகாலும் ஒரு பூச்சு கொடுங்கள்.

"வளைவும் ஏத்தமும் எவ்வளவு வைக்கலாம்?"

இந்திய ரயில்வேயில் மீட்டர் கேஜுக்கு அனுமதித்த மிகக் கூர்மையான வளைவு 16 டிகிரி, ஆரம் சுமார் 109 மீட்டர். அதை 1:87-ஆகச் சுருக்கினாலும் 1.25 மீட்டர் வரும். அகலப் பாதைக்கு 10 டிகிரி, 175 மீட்டர். அது 2 மீட்டர் ஆகிவிடும். கடையில் வரும் செட் வளைவுகள் 40, 45 செ.மீ. அவ்வளவு இறுக்கமான வளைவு நம் அகலப் பாதையிலோ மீட்டர் கேஜிலோ இல்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முடிந்தவரை பெரிய வளைவாக வையுங்கள். இறுக்கமானதைச் சுரங்கத்துக்குள்ளோ மலைக்குப் பின்னாலோ ஒளித்துவிடுங்கள்.

ஏற்றம் 2 சதவீதம் நிம்மதி, 3 சதவீதம் எல்லை. ஒரு பாதைக்கு மேல் இன்னொன்று போக 7 முதல் 8 செ.மீ. உயரம் தேவை. 3 சதவீதத்தில் அதற்கு இரண்டரை மீட்டர் ஓட வேண்டும், இறங்க இன்னொரு இரண்டரை மீட்டர். பலருடைய திட்டம் தாளில் அடங்கி, பலகையில் அடங்காமல் போவது இந்தக் கணக்கில்தான்.

"ரெண்டு ஒயர் கொடுத்தா ஓடாதா? டிசிசி கட்டாயமா?"

ஓடும். ஒரே எஞ்சின் என்றால் 0 முதல் 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் போதும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்ட வேண்டும் என்றால் டிசிசி (டிஜிட்டல் கட்டளை முறை) வேண்டும். அதில் பாதையில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்கும். புது டிகோடர்கள் 3 என்ற எண்ணோடுதான் வரும், வந்ததும் மாற்றுங்கள். செங்கோட்டை மலைப்பாதையில் முன்னே ஒன்றும் பின்னே தள்ள ஒன்றுமாக எஞ்சின் போடுவார்கள். அதைக் காட்டுவதற்காகவே நான் டிசிசிக்கு மாறினேன்.

எந்த முறையானாலும், இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரத்தை விடாதீர்கள். பலகைக்கு அடியில் இரண்டு தடிமனான ஒயர்களை முழு நீளத்துக்கும் ஓட்டி, ஒவ்வொரு மூன்றடிக்கும் அதிலிருந்து மெல்லிய ஒயரைத் தண்டவாளத்தில் பற்றவையுங்கள். சிவப்பு முன் தண்டவாளம், கறுப்பு பின் தண்டவாளம், கடைசி வரை மாற்றாதீர்கள். ஜல்லி கொட்டிய பிறகு இதைத் திருத்துவது பெரும்பாடு.

"ஜல்லி எங்க கிடைக்கும்? எங்க பக்கத்து எம்-சாண்ட் போடலாமா?"

போடலாம், சலித்துப் போட வேண்டும். நிஜத்தில் 50 மி.மீ. கல் 1:87-ல் 0.6 மி.மீ.க்கும் குறைவு. அதாவது ரவை அளவு. பெரும்பாலான லேஅவுட்டில் ஜல்லி பாறை போலத் தெரிவது இந்த அளவைப் பார்க்காததால்தான். டீ வடிகட்டியில் ஒருமுறை சலித்து, அதில் தங்குவதை ஒதுக்குங்கள். கீழே விழுந்ததை மெல்லிய துணியில் சலித்து, தூசியை ஒதுக்குங்கள். நடுவில் நிற்பதுதான் உங்கள் ஜல்லி. கழுவிக் காயவைத்த பிறகு ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன்மேல் மெதுவாக இழுங்கள். கறுப்பு மயிர் போல இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வரும். அதை விட்டுவிட்டால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். எனக்கு ஒரு மோட்டார் அப்படித்தான் போனது.

ஸ்பூனால் கொட்டி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளி, ஸ்லீப்பர் கட்டையின் மேல் ஒரு மணிகூட இல்லாமல் துடையுங்கள். இதில் அவசரப்படக் கூடாது, ஓரடிக்கு ஒரு மணி நேரம் ஆகும். பிறகு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைப் பனி போலத் தெளியுங்கள். அது இல்லாமல் பசையை விட்டால் சொட்டு உருண்டையாக நின்று ஜல்லியைக் குழிபறிக்கும். ஒரு பங்கு ஃபெவிகால், மூன்று பங்கு தண்ணீர், ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து ஓரத்திலிருந்து விடுங்கள். தானாக ஊறி உள்ளே போகும். பாயிண்டின் (பாதை பிரியும் இடம்) நகரும் நாக்குப் பக்கம் மட்டும் பசை போகவே கூடாது.

"பாதை போட்டு ஜல்லியும் போட்டாச்சு. இருந்தும் பிளாஸ்டிக் மாதிரி இருக்கே?"

தண்டவாளத்தின் உயரத்தைப் பாருங்கள். செட்டில் வரும் கோட் 100 (கோட் என்பது உயரத்தைக் குறிக்கும் எண்) தண்டவாளம் 2.54 மி.மீ. உயரம், நிஜத்தில் 221 மி.மீ. நம் கனமான, மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளமே 172 மி.மீ.தான். மீட்டர் கேஜில் இருந்தது அதைவிட மிகச் சிறியது. கோட் 75 அல்லது அதற்கும் கீழே வாங்கினால் இந்தப் பொம்மைத்தனம் உடனே குறையும்.

அடுத்தது நிறம். தண்டவாளத்தின் மேற்பரப்பு மட்டும்தான் பளபளக்கும், பக்கங்கள் துருப் பழுப்பு. மெல்லிய பிரஷ்ஷில் இரண்டு பக்கமும் தீட்டுங்கள், காய்வதற்குள் மேற்பரப்பைத் துடைத்துவிடுங்கள்.

மூன்றாவது, கட்டை. நம் பழைய மீட்டர் கேஜ் பாதைகளில் நிறைய இடங்களில் மரக்கட்டை கிடையாது. சிஎஸ்டி-9 என்ற வார்ப்பிரும்பு ஸ்லீப்பர்தான்: ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் கீழே ஒரு தட்டு, இரண்டையும் இணைத்து ஓர் இரும்புப் பட்டை. மேலிருந்து பார்த்தால் நடுவில் கட்டையே தெரியாது. ஜல்லிக்கு மேலே மெல்லிய பட்டை மட்டும் ஓடும். இதை யாரும் ரெடிமேடாக விற்று நான் பார்த்ததில்லை. லூப் லைனில் மட்டும் மூன்றடிக்கு, அரை மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் தட்டுகளை வெட்டி, இடையே பட்டையாகத் தகட்டுச் சீவல் ஒட்டிச் செய்தேன். பழைய ரயில்வேக்காரர் ஒருவர் வந்தபோது எஞ்சினைப் பார்க்கவில்லை. குனிந்து அந்த மூன்றடியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் எல்லாம் ஃபாரின் மரமா இருக்கு. பனைமரம் எப்படிப் பண்றது?"

முதலில் உயரம். கடை மரம் 8 செ.மீ. இருக்கும், அது நிஜத்தில் 7 மீட்டர், ஒரு முருங்கை மரம். 15 மீட்டர் பனை 17 செ.மீ. வர வேண்டும். இவ்வளவு பெரிதா என்று தோன்றும், தயங்காமல் வையுங்கள். மரம் ரயிலைச் சின்னதாக்கும்போதுதான் நிலம் பெரிதாகிறது.

தண்டுக்கு 4 மி.மீ. மூங்கில் குச்சி, அதன்மேல் மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றிச் சாம்பல் கறுப்பில் பெயின்ட். ஓலைக்கு 13 மி.மீ. வட்டமாகக் காகிதம் வெட்டி, ஓரத்திலிருந்து உள்நோக்கி முக்கால் வாசிக்குக் கத்தரித்து, விசிறி போல மடித்து, மெல்லிய செப்புக் கம்பியில் ஒட்டுங்கள். ஒரு மரத்துக்கு 25 ஓலையாவது வேண்டும். மேலே குருத்து வெளிர் பச்சை, நடுவில் அடர் பச்சை, கீழே பழுப்பாகத் தொங்கும் காவோலை. அந்தக் காவோலை இல்லாத பனை, ஹோட்டல் வாசல் மரம் போல இருக்கும்.

"ஸ்டேஷன் கட்டடமும் போர்டும்?"

கட்டடத்துக்கு 3 மி.மீ. சன்போர்டு (நுரைப் பலகை), கூரை ஓட்டுக்கு மெல்லிய நெளி காகிதத்தைக் குறுகிய பட்டைகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் சீமை ஓடு போலவே வரும். இரண்டு மூன்று ஓட்டை மட்டும் வேறு நிறத்தில் தீட்டுங்கள், மாற்றிப் போட்ட ஓடு. பெயர்ப் பலகை மஞ்சளில் கறுப்பு எழுத்து; தமிழ், இந்தி, ஆங்கிலம் என்ற வரிசை. கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். எழுத்தைக் கம்ப்யூட்டரில் அமைத்து அச்செடுத்து ஒட்டலாம், ஆனால் நீங்கள் எழுதிய வருடத்தின் படத்தைப் பார்த்து எழுத்து வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

"எல்லாத்தையும் அழுக்காக்கணுமா?"

காரணம் இருக்கிற இடத்தில் மட்டும். எஞ்சின் நிற்கும் இடத்தில் பாதை நடுவே எண்ணெய்க் கறுப்பு. பிரேக் கட்டையின் இரும்புத்தூள் படிவதால் நிலையத்தின் இரு முனையிலும் பழுப்பு அதிகம். தண்ணீர்க் குழாயின் கீழே பச்சைப் பாசி. மழைநீர் மேலிருந்து கீழே ஓடுவதால் பெட்டியின் கறையும் நேர்கோட்டில்தான் இறங்க வேண்டும். காரணம் தெரியாத அழுக்கை நான் பூசுவதில்லை.

"நீங்க சொன்ன எல்லாம் செஞ்சேன். போட்டோ எடுத்தா மட்டும் பொம்மையா தெரியுது. ஏன்?"

நீங்கள் மேலிருந்து எடுக்கிறீர்கள், அதாவது ஹெலிகாப்டரிலிருந்து. நிலத்தில் நிற்பவரின் கண் 18 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. போனைத் தலைகீழாகத் திருப்பி, கேமரா கண்ணாடி பலகையைத் தொடும்படி வைத்து எடுங்கள். அப்போது பின்னால் சுவரும் சுவிட்ச் பெட்டியும் தெரியும். அதனால்தான் பின்திரை வேண்டும். அதில் வானத்தை முழுக்க நீலமாக அடிக்காதீர்கள். கீழே தொடுவானத்தருகே வெளிறி, மேலே போகப்போக நீலமாக வர வேண்டும். தூரத்து மலை பச்சையாக இருக்கக் கூடாது, சாம்பல் நீலமாக இருக்க வேண்டும். அறையின் மூலையைப் பின்திரை வளைத்து மறைக்கட்டும்.

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். இரண்டு ட்யூப்லைட் போட்டால் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு நிழல் விழும். நம் மனது அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறது.

"ரெண்டு மாசம் நல்லா ஓடிச்சு, இப்ப நின்னு நின்னு போகுது?"

பத்தில் ஒன்பது தடவை தூசிதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் தண்டவாளத்தைத் துடையுங்கள், அதைவிட முக்கியமாக எஞ்சின் சக்கரங்களைத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் மேலும் அழுக்கு சேரும். மின்விசிறிக்கு நேர் கீழே லேஅவுட் இருந்தால் ஒரு துணி மூடி தைத்துக்கொள்ளுங்கள். பல்லி எச்சத்துக்கும் அதுவே மருந்து. துடைத்தும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் அது தூசி இல்லை, ஒயர் பதிலில் சொன்ன பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது.

"பாதையை பலூன் மாதிரி வளைச்சு அதே பாதையில சேர்த்தேன். ரயில் போனதும் ஷார்ட் ஆகுது. ஏங்க?"

சிவப்பு ஒயர் கொடுத்த தண்டவாளத்தை விரலால் தடவிக்கொண்டே போங்கள். வளைவைச் சுற்றி வந்து சேரும்போது அது கறுப்புத் தண்டவாளத்தைத் தொடும். ஷார்ட் அங்கேதான். வளைவின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டித் தனியாக்குங்கள். அந்தத் துண்டு உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். டிசிசி என்றால் நடுவே ஒரு ஆட்டோ ரிவர்சர் (மின் திசையை மாற்றும் கருவி) வைத்தால் அது தானாகப் பார்த்துக்கொள்ளும். டிசி என்றால் சுவிட்ச் போட்டு நீங்களே மாற்ற வேண்டும்.

"ஊட்டி ரயிலைச் செய்யணும்னு ஆசை. பல்சக்கரம் நிஜமா ஏறுமா?"

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம். கல்லாறு முதல் குன்னூர் வரை பல் தண்டவாளம், உச்ச ஏற்றம் 12.28-க்கு 1, அதாவது 8 சதவீதத்துக்கு மேல். நான் முன்பு சொன்ன 3 சதவீத எல்லைக்கு இது மிக மேலே. ஆனால் எஞ்சின் கீழ்ப்பக்கமிருந்து தள்ளுவதாலும், பெட்டிகள் மூன்று நான்குதான் என்பதாலும் செய்ய முடியும். சுவிஸ் மலைப்பாதைகளுக்காக பெமோ நிறுவனம் இதே 12 மி.மீ. பாதையில் பல்சக்கர எஞ்சினும் பல் தண்டவாளமும் செய்திருக்கிறது. அந்த அடிப்பாகத்தின்மேல் ஊட்டி ரயிலின் எக்ஸ் வகுப்பு எஞ்சின் உடலைக் கட்டுவதுதான் எனக்குத் தெரிந்த நேர்வழி. முழுப் பாதைக்கும் ஆசைப்படாமல் ஹில்குரோவ் போல எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஒரே நிலையத்தை எடுங்கள். குரங்குகளை மறந்துவிடாதீர்கள்.

"கடைசியா ஒண்ணு. உங்க கைகாட்டி நிஜமாவே இறங்குதே, எப்படி?"

பலகைக்கு அடியில் ஒரு சின்ன சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பது), அதிலிருந்து கிடார் கம்பி ஒன்று தூண் வழியாக மேலே வந்து கையை இழுக்கிறது. சிவப்புக் கையில் வெள்ளைப் பட்டை, முனை சதுரமாக இருந்தால் அது நிறுத்தும் சிக்னல். முனையில் மீன்வால் வெட்டு இருந்தால் முன்னெச்சரிக்கை சிக்னல். நிறுத்தும் சிக்னலில் கை படுத்திருந்தால் நில், கீழே சாய்ந்தால் போ.

சர்வோவைச் சும்மா இணைத்தால் கை பொம்மை போல டக்கென்று விழும். நிஜத்தில் லீவரை இழுத்ததும் நீண்ட கம்பி முதலில் தளர்வை எடுத்துக்கொள்ளும், கை சற்று அசையும், பிறகுதான் இறங்கும். திரும்ப விடும்போது எதிர் எடை விழுந்து, கை மேலே போய் ஒருமுறை குதித்து நிற்கும். சர்வோ புரோகிராமில் இதற்குத் தனியாக வரிகள் எழுதினேன்: முதலில் 5 டிகிரி, கால் விநாடி நிறுத்தம், பிறகு மீதி, திரும்பும்போது 4 டிகிரி துள்ளல். அதைச் சரியாக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. இப்போது சுரங்கத்திலிருந்து பாசஞ்சர் வெளியே வந்ததும் கை ஏறி, ஒரு துள்ளு துள்ளி, அப்புறம் அசையாமல் நிற்கிறது.